நீங்கள் வரைந்த மாடல், வேறொருவர் பெயரில்

முப்பரிமாண அச்சுக்கான மாடல்களைப் பகிரும் தளங்களில் கணக்குத் தொடங்கப் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். மாடலைப் பதிவேற்ற ஒரு கோப்பு, இரண்டு மூன்று படங்கள், ‘இது என் சொந்தப் படைப்பு’ என்ற வரிக்கு எதிரே ஒரு டிக். அந்த டிக் உண்மைதானா என்று அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. யாராவது புகார் கொடுத்த பிறகுதான் பார்க்கிறார்கள். திருட்டு டிசைன்களால் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

புதிதாக மாடல் வரைந்து பகிரத் தொடங்குபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: உங்கள் படைப்பு உங்களுடையது என்பதற்கான ஆதாரத்தைத் தளம் வைத்திருக்காது. நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். அதுவும் வெளியிடுவதற்கு முன்பே.

திங்கிவர்ஸ் என்ற மாடல் பகிரும் தளம் 2008இல் தொடங்கியபோது அங்கே பணப் பேச்சு இல்லை. ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்து, மாற்றி, திரும்பப் போடுவதுதான் அதன் உயிர். பிறகு வந்த தளங்களில் நிலைமை வேறு. கல்ட்ஸ், மைமினிஃபேக்டரி போன்றவற்றில் மாடலை விலைக்கு விற்கலாம். பிரிண்டபிள்ஸில் சேரும் புள்ளிகளுக்கு ஃபிலமென்ட் (அச்சுக்கான பிளாஸ்டிக் இழை) வாங்கலாம். மேக்கர்வேர்ல்டில் கிடைக்கும் புள்ளிகளைப் பரிசு அட்டையாக மாற்றலாம். வரைகிறவர்களுக்கு வருமானம் கிடைப்பது நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தரவிறக்க எண்ணிக்கை காசாகிற இடத்தில், அடுத்தவர் கோப்பை எடுத்துப் போடுவதும் காசாகிவிடுகிறது.

திருட்டு ஒரே மாதிரி வருவதில்லை. நீங்கள் இலவசமாகப் போட்ட மாடல் இன்னொரு தளத்தில் விலைக்கு வரும். சந்தாதாரர்களுக்கு மட்டும் கொடுத்த மாடல் வேறெங்கோ இலவசமாகக் கிடைக்கும். சில நேரம் கோப்பு எங்கும் மறுபதிவேற்றம் ஆகாது, அதை அச்சிட்டுப் பொருளாக விற்றுக்கொண்டிருப்பார்கள். 2016இல் ஈபேயில் ஒரு கடை, திங்கிவர்ஸில் இருந்த 2000க்கும் மேற்பட்ட மாடல்களை, படைப்பாளிகள் எடுத்த படங்களோடு சேர்த்து அள்ளி விற்பனைக்கு வைத்தது. கேட்டபோது, இணையத்தில் பதிவேற்றியதுமே அது பொதுச் சொத்தாகிவிட்டது என்று வாதாடியது. அந்த வாதம் தவறு. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன.

எல்லாவற்றிலும் மோசமானது ஆள்மாறாட்டம். உங்கள் பெயர், உங்கள் படம், உங்கள் அறிமுகக் குறிப்பு ஆகியவற்றோடு, நீங்கள் இதுவரை போகாத ஒரு தளத்தில் ஒரு கணக்கு முளைக்கும். உங்களைத் தெரிந்தவர்களே அது நீங்கள்தான் என்று நம்பி அங்கே காசு கொடுப்பார்கள்.

கோப்பு ஏன் பேசுவதில்லை

இவ்வளவு எளிதாகத் திருட முடிவதற்குக் கோப்பின் அமைப்பும் ஒரு காரணம். அதிகம் புழங்கும் எஸ்டிஎல் வடிவம் 1987இல் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. ஒரு பொருளின் மேற்பரப்பை முக்கோணங்களாக வெட்டி எழுதுவதுதான் அதன் வேலை. பைனரி எஸ்டிஎல்லைத் திறந்து பார்த்தால் முதலில் 80 பைட் தலைப்பு, அடுத்து முக்கோணங்களின் எண்ணிக்கை, அப்புறம் முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட். அவ்வளவுதான். யார் வரைந்தது, எப்போது, என்ன உரிமம் என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை. தலைப்புப் பகுதியில் உங்கள் பெயரை எழுதி வைத்தாலும், வேறொரு மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்தால் காணாமல் போய்விடும்.

2015இல் வந்த 3எம்எஃப் வடிவம் இதில் கொஞ்சம் மேல். வடிவமைப்பாளர் பெயர், பதிப்புரிமை, உரிம விதிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் அதில் உண்டு. நிரப்பி வையுங்கள், நேர்மையான ஆட்களுக்கு உதவும். ஆனால் அந்தப் புலங்களை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, ஒரே கோப்பு இரண்டாவது முறை வந்தால் தளம் கண்டுபிடிக்கக் கூடாதா? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கோப்புகளை ஒப்பிட வழக்கமாகக் கையாளும் முறை ஹேஷ். எஸ்எச்ஏ-256 போன்ற ஒரு கணக்கீடு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு நீண்ட அடையாள எண்ணைத் தரும். ஒரு பைட் மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். ஆகவே மாடலை ஒரு டிகிரி திருப்பியோ, ஒரு சதவீதம் பெரிதாக்கியோ மறுபடி சேமித்தால், ஹேஷ் முறைக்கு அது புத்தம் புதிய கோப்பு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாகிவிடுகிறது.

இதைத் தாண்ட வடிவத்தையே ஒப்பிடும் முறைகள் இருக்கின்றன. கன அளவுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள விகிதம், புள்ளிகளுக்கு இடையிலான தூரங்களின் பரவல் போன்றவற்றை, இரண்டு மாடல்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கணக்கிட்டால், திருப்பினாலும் அளவை மாற்றினாலும் ஒற்றுமை பிடிபடும். தாங்ஸ் என்ற தளம் வடிவத்தை வைத்தே மாடல் தேடும் வசதியைத் தருகிறது. ஆக, செய்ய முடியாத காரியம் அல்ல. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தர நிர்ணய அளவில் செய்த போல்ட் யார் வரைந்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 2022இல் வெளிவந்த கிரிட்ஃபினிட்டி என்ற திறந்த முறையில், பெட்டிகளின் அடிப்பகுதி எல்லாம் 42 மில்லிமீட்டர் கட்டத்தில் பொருந்த வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு பெட்டிகள் ஒத்திருப்பது திருட்டுக்குச் சாட்சி ஆகாது.

இதைவிட ஆழமான சிக்கல் இன்னொன்று. இரண்டு மாடல்களும் ஒன்றுதான் என்று இயந்திரம் சரியாகவே சொன்னாலும், யாருடையது முதலில் என்று அதனால் சொல்ல முடியாது. ஒரு தளத்துக்குத் தெரிந்தது அந்தத் தளத்தில் பதிவான தேதி மட்டுமே. நீங்கள் ஓரிடத்தில் ஓராண்டுக்கு முன் போட்ட மாடலைத் திருடர் வேறொரு தளத்தில் முதலில் போட்டுவிட்டால், அந்தத் தளத்தின் கணக்கில் அவர்தான் மூத்தவர். பிறகு நீங்கள் அங்கே போய் உங்கள் மாடலைப் போட்டால், திருடர் என்ற பெயர் உங்களுக்கு வரும். இப்படி உண்மையான படைப்பாளிமேலேயே புகார் போவதும் உண்டு.

‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற அடையாளம்

பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக் அடையாளம் இருந்தால் மனம் தானாக நம்பிவிடுகிறது. அது எதைச் சரிபார்த்துத் தரப்பட்டது என்று கேளுங்கள். மின்னஞ்சல், தொலைபேசி எண், விற்பனையாளர் என்றால் வங்கி விவரம், சில இடங்களில் அடையாள அட்டை. இவை எல்லாமே ஆளைப் பற்றியவை. இவற்றில் ஒன்றுகூட மாடலைப் பற்றியது அல்ல. சொந்தப் பெயரில், சொந்த வங்கிக் கணக்கில், அடுத்தவர் மாடலை விற்கும் ஒருவரும் இந்தச் சரிபார்ப்பில் தேறிவிடுவார்.

இன்னும் நன்றாகச் செய்யலாம், அதற்குப் பெரிய தொழில்நுட்பமும் தேவையில்லை. வேறு தளத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற ஒருவர் புதிதாக வந்து சேர்கிறார் என்றால், ஒரு குறியீட்டைக் கொடுத்து அதைப் பழைய தளத்தின் அறிமுகப் பகுதியில் எழுதச் சொல்லலாம். அங்கே அது தோன்றினால் ஆள் அவர்தான். ஆள்மாறாட்டத்தின் பெரும்பகுதி இதிலேயே அடைபடும். புதுக் கணக்குகளுக்குப் புள்ளியையோ பணத்தையோ உடனே கொடுக்காமல் சில வாரம் நிறுத்தி வைக்கலாம். தகராறு வந்தால், மாடலை வரைந்த மென்பொருளில் உள்ள மூலக் கோப்பை இரு தரப்பிடமும் கேட்கலாம். பணம் புழங்கும் தளங்கள் இந்த மூன்றையும் செய்யாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. படைப்பாளிகளின் உழைப்பில் வளரும் இடம் அவர்களுக்கு இந்த அளவாவது செய்ய வேண்டும்.

எது திருட்டு, எது இல்லை

கோபத்தோடு புகார் எழுதும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்வது முக்கியம். 1886ஆம் ஆண்டின் பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில், படைப்பு உருவானதுமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. ஒரு டிராகன் சிலை, ஒரு பொம்மை முகம், அலங்காரப் பூச்சாடி ஆகியவை இதற்குள் வரும்.

ஆனால் பயன்பாட்டுப் பொருள்களின் விஷயம் வேறு. ஒரு கொக்கி, ஒரு பற்சக்கரம், ஒரு தாங்கி ஆகியவற்றின் இயங்கும் பகுதியைப் பதிப்புரிமை பொதுவாகக் காப்பதில்லை. அது பேட்டன்ட் சமாச்சாரம். நீங்கள் வரைந்த கொக்கியைப் பார்த்து, அதே வேலையைச் செய்யும் இன்னொரு கொக்கியை ஒருவர் தானே உட்கார்ந்து வரைந்தால், அது உங்களுக்குக் கசக்கலாம், திருட்டு ஆகாது. இருக்கிற பொருளை அப்படியே நகலெடுத்த மாடலுக்கும் உரிமை கொண்டாடுவது கடினம். டொயோட்டா கார்களின் துல்லியமான கணினி மாடல்களுக்கு உரிமை கோரி மெஷ்வொர்க்ஸ் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில், 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாடல்களில் புதிதாகப் படைத்தது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. உழைப்பு நிறைய இருந்தது, ஆனால் உழைப்பு மட்டும் போதவில்லை.

இங்கே பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. மாடல் பயன்பாட்டுப் பொருளாகவே இருக்கட்டும், நீங்கள் எடுத்த புகைப்படங்களும் எழுதிய விளக்கமும் பெரும்பாலும் உங்கள் பதிப்புரிமைக்குள் வரும். அவசரத்தில் திருடுகிறவர்கள் அவற்றையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். படத்தை வைத்துப் புகார் கொடுத்தால் தளத்துக்கு முடிவெடுப்பது எளிது, ஏனென்றால் அங்கே வாதத்துக்கு இடம் குறைவு.

அடுத்து உரிமம். படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்கள் 2002 முதல் புழக்கத்தில் உள்ளன. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது சிசி பை. அதோடு என்சி சேர்ந்தால் வணிகம் கூடாது, என்டி சேர்ந்தால் மாற்றிப் பகிரக் கூடாது, எஸ்ஏ சேர்ந்தால் மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். சிசி0 என்றால் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்தாகிவிட்டது. நீங்கள் சிசி பை தேர்ந்தெடுத்திருந்து, ஒருவர் உங்கள் பெயரோடு மறுபதிவேற்றம் செய்து, காசுக்கே விற்றாலும், அது நீங்கள் கொடுத்த அனுமதிதான். திரும்பப் பெறவும் முடியாது. அதனால் வெளியிடும்போது உரிமப் பட்டியலில் முதலில் இருப்பதை அழுத்திவிட்டுப் போகாதீர்கள். பெயர் போடாமல் எடுத்தவர்களுக்கு 4.0 பதிப்பில் ஒரு வாய்ப்பு உண்டு: மீறல் தெரியவந்த 30 நாட்களுக்குள் சரிசெய்தால் அவர்களுடைய அனுமதி தானாக மீண்டுவிடும். எனவே பெயர் விட்டுப்போனதற்கு முதலில் ஒரு மரியாதையான செய்தி அனுப்புவதே பொருத்தம்.

உரிமத்தை யாரும் படிப்பதில்லை என்பதற்குப் பெஞ்சி படகு நல்ல உதாரணம். அச்சு இயந்திரத்தைச் சோதிக்க உலகமெங்கும் அச்சிடப்படும் இந்தச் சின்னப் படகை 2015இல் ஸ்வீடனின் கிரியேட்டிவ் டூல்ஸ் நிறுவனம் வெளியிட்டது, மாற்றிப் பகிரக் கூடாது என்ற உரிமத்தோடு. ஆனாலும் பல ஆண்டுகளாக மாற்றிய படகுகள் தளங்களில் குவிந்து கிடந்தன. 2025 ஜனவரியில் ஒரு புகாரைத் தொடர்ந்து பிரிண்டபிள்ஸ் அவற்றை நீக்கத் தொடங்கியதும் பலருக்கு அதிர்ச்சி. அடுத்த மாதமே படகு பொதுச் சொத்தாக அறிவிக்கப்பட்டு விவகாரம் அடங்கியது.

வெளியிடும் முன்

உங்களிடம் இருக்கக்கூடிய மிகப் பலமான சாட்சி மூலக் கோப்பு. ஃபியூஷன், ஃப்ரீகேட் போன்ற வரையும் மென்பொருள்களில் வரைந்திருந்தால் ஒவ்வொரு கோடும் வெட்டும் எந்த வரிசையில் வந்தன என்பது அதில் இருக்கும். பிளெண்டரில் செதுக்கியிருந்தால் இடைநிலைக் கோப்புகளைத் தனித்தனியாகச் சேமித்து வையுங்கள். திருடியவரிடம் இருப்பது கடைசி எஸ்டிஎல் மட்டும். ‘இதன் சுவர்த் தடிமனை மாற்றிக் காட்டுங்கள்’ என்றால் நீங்கள் ஓர் எண்ணை மாற்றி உடனே காட்டுவீர்கள், அவர் திணறுவார். தகராறில் ஆதாரமாக வேண்டும் என்றால் மூலக் கோப்பைப் பொதுவில் போடாதீர்கள். திறந்த மூலமாகப் பகிர விரும்பினால் பகிருங்கள், ஆனால் பழைய பதிப்புகளையாவது உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

தோற்றுப்போன அச்சுகளின் படங்களையும் அழிக்க வேண்டாம். சரிந்து விழுந்த முதல் முயற்சி, பொருந்தாத மூடி, இதெல்லாம் உண்மையில் செய்தவரிடம் மட்டுமே இருக்கும்.

தேதிக்கு மூன்றாவது தரப்பின் சாட்சி வேண்டும். உங்கள் கணினியில் உள்ள கோப்பின் தேதியை யாரும் மாற்றலாம் என்பதால் அது தனியாக நிற்காது. மாடலை வெளியிட்ட அன்றே அந்தப் பக்கத்தை, இணையப் பக்கங்களைத் தேதியோடு காப்பகப்படுத்தும் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள், இலவசம்தான். வெளியிடாமலே தேதியைப் பதிய வேண்டுமென்றால் ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் சேவை கோப்பின் ஹேஷை மட்டும் எடுத்துப் பிட்காயின் பதிவேட்டோடு பிணைத்துத் தரும். கோப்பு உங்களிடமே இருக்கும்.

வரைபடம் தயாரித்தவர்கள் நகலெடுப்பவரைப் பிடிக்க இல்லாத ஒரு தெருவை வரைந்து வைப்பது உண்டு. நீங்களும் அதைச் செய்யலாம். ஒரு விளிம்பை 1.4க்குப் பதில் 1.37 மில்லிமீட்டரில் சாய்த்துவிடுங்கள், ஒரு துளையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்த்துங்கள், அல்லது உள்ளே மூடிய சிறு குழியில் உங்கள் முதலெழுத்தைச் செதுக்குங்கள். வெளியே தெரியாது, மாடலை அச்சுக்காக அடுக்குகளாக வெட்டும் ஸ்லைசர் மென்பொருளில் அடுக்கடுக்காகப் பார்த்தால் தெரியும். எங்கே என்ன வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அப்புறம், நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் பெரிய தளங்களில் உங்கள் பெயரில் கணக்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

நடந்துவிட்டால்

முதல் வேலை, ஆதாரத்தைச் சேகரிப்பது. திட்டுவதோ கருத்துப் பகுதியில் எழுதுவதோ அதற்குப் பிறகுதான். உஷாரான ஆள் பக்கத்தை அழித்துவிட்டு வேறு பெயரில் வருவார். முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள், வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தையும் சேமியுங்கள். இரண்டு மாடலையும் ஒரே ஸ்லைசரில் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். கணக்கு நேற்றுத் தொடங்கி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பாணிகளில் ஏராளமாகப் பதிவேற்றியிருந்தால், அந்த ஆளோடு பேசிப் பயனில்லை. நேராகப் புகாருக்குப் போங்கள்.

பெரும்பாலான தளங்கள் அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்ட முறையில் புகார் வாங்குகின்றன. உங்கள் படைப்பு எது, மீறும் பக்கத்தின் சரியான முகவரி எது, உங்களைத் தொடர்புகொள்ளும் விவரம், இது அனுமதியற்றது என்று நேர்மையாக நம்புவதான அறிக்கை, உரிமையாளர் நீங்கள்தான் அல்லது அவர் சார்பில் பேச அனுமதி பெற்றவர் என்று பொய்ச் சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டுத் தரும் உறுதி, கையொப்பம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் தளம் ஒதுக்கிவிடலாம். வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால் இழப்பீடு கட்ட வேண்டிவரும், அதனால் சந்தேகத்தில் எழுதாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: நீங்கள் தரும் பெயரும் முகவரியும் எதிர்த் தரப்புக்குப் போகக்கூடும். வீட்டு முகவரியைத் தர விருப்பமில்லை என்றால், உங்கள் சார்பில் எழுத ஒருவரை அமர்த்தலாம்.

எதிர்த் தரப்பு மறுப்பு அறிவிப்பு கொடுத்தால், நீங்கள் வழக்குத் தொடுக்காதபட்சத்தில், 10 முதல் 14 வேலை நாட்களில் மாடல் திரும்ப வந்துவிடும். இதே வழி, தவறாகப் புகாருக்கு ஆளானால் உங்களுக்கும் திறந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, ஒரு பதிவை நீக்கும்போது தளம் அதைப் போட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். முடிவை எதிர்த்து உள்ளேயே முறையிட ஆறு மாத அவகாசம் உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்த முறையீட்டு ஏற்பாட்டிலிருந்து விலக்கு இருக்கிறது.

மாடலைத் தரவிறக்குகிறவர்களும் இதில் சும்மா இருக்க வேண்டியதில்லை. அச்சிட்ட பொருளின் ஒரு படம்கூட இல்லாமல் கணினியில் உருவாக்கிய பளபளப்பான ரெண்டர் படம் மட்டும் இருந்தால், படத்தை டின்ஐயிலோ கூகுள் லென்ஸிலோ போட்டுத் தேடுங்கள். மூலப் பக்கம் பல நேரம் அங்கேயே அகப்பட்டுவிடும். சட்டப்படியான புகாரைக் கொடுக்க உரிமையாளருக்கும் அவர் அனுமதித்தவருக்கும்தான் முடியும். நீங்கள் செய்யக்கூடியது அவரைத் தேடிப் பிடித்துச் சொல்வது. திருட்டுப் பக்கத்தின் முகவரி, நீங்கள் பார்த்த தேதி, ஒரு திரைப்பிடிப்பு, இந்த மூன்றையும் முதல் செய்தியிலேயே அனுப்பிவிடுங்கள். அவர் பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் அழிந்திருந்தாலும் உங்கள் திரைப்பிடிப்பு அவர் கையில் இருக்கும்.